இடையில் நின்ற பிள்ளைகள்

அரசாங்க அறிக்கைகளை ஒரு மொழியினின்று மற்றொரு மொழிக்குப் பெயர்க்கும் தொழிலில் இருப்போருக்குச் சில சொற்கள் ஓயாமல் எதிர்ப்படும். கல்வித் துறை அறிக்கைகளில் அவ்வாறு எதிர்ப்படும் சொற்களுள் ஒன்று ‘இடைநிற்றல்’ என்பது. பள்ளியிற் சேர்ந்த பிள்ளை படிப்பு முடியுமுன் வாராது நின்றுவிடுவதை இச்சொல் குறிக்கின்றது. இன்று எல்லாரும் அறிந்த சொல்தான் இது. ஆயின் இதற்கு முன்னர்ப் பல்லாண்டுக் காலம் அறிக்கைகளில் வழங்கிவந்த சொல் வேறு. ‘விரயம்’ என்றே அந்நாளில் எழுதினர். இந்தியில் ‘அபவ்யய்’ என்றனர். அரிசி சிந்தினால் விரயம். பகலில் விளக்கு எரிந்தால் விரயம். ஒரு பிள்ளை பள்ளியைவிட்டு நிற்பதையும் அதே சொல்லால் குறித்தவர்கள் எதனை எண்ணி அவ்வாறு குறித்தனர்? அப்பிள்ளையின்பொருட்டு அரசாங்கம் செலவிட்ட பணத்தை எண்ணி என்பதே விடை. பிள்ளை இழந்தது என்ன என்பது கணக்கில் ஏறவில்லை.

‘விரயம்’ போய் ‘இடைநிற்றல்’ வந்தது நல்லதொரு மாற்றமே. எனினும் அதிலும் ஒரு குறை இருக்கின்றது. நின்றது யார் என்பதை அச்சொல் காட்டுகின்றது; நிறுத்தியது யார் என்பதை மறைக்கின்றது. இவ்வகையில் அறிக்கைகளைக் காட்டிலும் நம் வீட்டுப் பேச்சு உண்மையானது. பையனைப் பற்றி விசாரித்தால், “எட்டாவதோடு நின்றுவிட்டான்” என்பார்கள். பெண்ணைப் பற்றி விசாரித்தால், “எட்டாவதோடு நிறுத்திவிட்டோம்” என்பார்கள். முன்னது தன்வினை, பின்னது பிறவினை. இலக்கணம் படியாத பாட்டியும் இதில் தவறுவதில்லை. பையன்களையும் கூலிக்காக நிறுத்துவது உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. அப்போதும் அவன் தானே நின்றதாகச் சொல்லுவதுதான் வழக்கம்.

இந்த வேற்றுமையை மனத்திற்கொண்டு நம் நாட்டுக் கல்வி வரலாற்றின் சில பக்கங்களைப் புரட்டிப் பார்ப்போம். பம்பாய் மாகாணத்தினின்று தொடங்குவது பொருத்தமாகும். பள்ளி வாயிலில் யார் நுழையலாம், நுழைந்தவர் எத்தனை நாள் இருக்கலாம் என்ற வழக்கு அங்கேதான் முதன்முதலில் வெளிப்படையாக எழுந்தது.

1848ஆம் ஆண்டில் புனே நகரில் ஜோதிராவ் புலேயும் அவருடைய மனைவியார் சாவித்திரிபாயும் பெண்களுக்கெனப் பள்ளி தொடங்கினர். பின்னர்த் தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட வகுப்புகளின் பிள்ளைகளுக்கும் பள்ளிகள் நிறுவினர். அப்பள்ளிகளிற் பயின்ற முக்தா சால்வே என்னும் மாங் வகுப்புச் சிறுமி, தன் மக்களின் துயரங்களைப் பற்றித் தன் 14ஆம் வயதில் எழுதிய கட்டுரை, 1855இல் ‘ஞானோதயா’ என்னும் மராத்திப் பத்திரிகையில் வெளிவந்தது. பள்ளியில் நிற்க இடங்கிடைத்தால் ஒரு சிறுமி எவ்வளவு தொலைவு செல்வாள் என்பதற்கு அது சான்று.

அதற்கு அடுத்த ஆண்டே இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்று தார்வாரில் நடந்தது. 1856 ஜூன் மாதத்தில் மகார் வகுப்புச் சிறுவன் ஒருவன் அங்கிருந்த அரசாங்கப் பள்ளியிற் சேர அனுமதி வேண்டினான், மறுக்கப்பட்டான். அவன் பம்பாய் அரசாங்கத்துக்கு மனுச் செய்துகொண்டான். ஒருவன்பொருட்டு அவனைச் சேர்த்தால் மற்றையோர் அனைவரும் பள்ளியை விட்டுப் போய்விடுவர். அப்பள்ளி பெரும்பாலோர்க்குப் பயனற்றதாகிவிடும் என்னும் காரணங்காட்டி அரசாங்கம் தலையிட மறுத்தது. இலண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர்களோ, சாதியைக் காரணங்காட்டி எந்தச் சிறுவனையும் அரசாங்கப் பள்ளியினின்று விலக்கலாகாது என்று எழுதினார்கள். கோட்பாடு தாளில் இருந்தது. பள்ளி வாயில் பழையபடியே இருந்தது.

இந்த நிகழ்ச்சியில் ஒரு நுட்பம் உண்டு. சேர்க்கப்படாத பிள்ளை ‘விரயம்’ என்னும் கணக்கில் வரவே மாட்டான். சேர்த்துக்கொண்டு, மூலையில் உட்காரவைத்து, தண்ணீர்ப் பானையைத் தொடாதே என்று சொல்லி, அவனாகவே சலித்து நிற்கும்படி செய்தால் அப்போதுதான் கணக்கில் வருவான். அதுவும் அவன் குற்றமாகவே வரும். சாத்தாராவில் பள்ளிச் சிறுவனாய் இருந்த அம்பேத்கர், தாம் உட்காரும் சாக்கைத் தாமே வீட்டிலிருந்து கொண்டுபோய் மாலையில் திரும்ப எடுத்துவந்ததையும், பள்ளிச் சேவகன் வந்து ஊற்றினாலன்றித் தண்ணீர் குடிக்க இயலாதிருந்ததையும் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கின்றார். அவர் நிற்கவில்லை. அவரோடு அவ்வாறு உட்கார்ந்த எத்தனை பேர் நின்றிருப்பர் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

1882ஆம் ஆண்டில் ஹண்டர் தலைமையிலான கல்விக் கமிஷன் முன்பு புலே சாட்சியம் அளித்தார். உழவர்களின் உழைப்பினால் விளையும் வரிப்பணம் மேல்வகுப்பாரின் உயர்கல்விக்கே செலவாகின்றது என்றும், 12 வயதுவரை ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்றும் அவர் கேட்டார். விரயமாவது யாருடைய பணம் என்ற கேள்விக்கு, அச்சொல் அறிக்கைகளில் ஏறுவதற்கு நெடுநாள் முன்னரே, அவர் விடை சொல்லிவிட்டார் எனலாம். அதே கமிஷன் முன்பு பண்டித ரமாபாயும் சாட்சியம் அளித்தார். பெண்களுக்குக் கற்பிக்கப் பெண்களே ஆசிரியர்களாக வேண்டும் என்பது அவர் வலியுறுத்தியவற்றுள் ஒன்று. இதனை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம். நூறாண்டு கழித்து இக்கோரிக்கை புதிய கண்டுபிடிப்பைப்போல மீண்டும் வரப்போகின்றது.

பெண் ஒருத்தியைப் பள்ளியினின்று நிறுத்துவது எப்படி நடக்கின்றது என்பதைத் தானே எழுதிக் காட்டியவர் ருக்மாபாய். பம்பாயில் 1864இல் பிறந்த அவருக்கு 11ஆம் வயதில் மணம் நிகழ்ந்தது. 1885இல் அவர் ‘ஓர் ஹிந்து மாது’ என்னும் புனைபெயரில் ஆங்கிலப் பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதினார். இளமை மணம் தம் இன்பத்தைக் கெடுத்தது என்பதைவிட, தாம் எல்லாவற்றினும் மேலாக மதித்த படிப்பைக் குறுக்கே நின்று தடுத்தது என்பதே அக்கடிதங்களில் தலையாய முறையீடு. கணவர் தொடர்ந்த வழக்கில், 1887இல் அவர் கணவர் வீடு செல்ல வேண்டும், அன்றேல் ஆறு மாதம் சிறை செல்ல வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. சிறைக்கே போவேன் என்றார் அவர். 1888இல் 2,000 ரூபாய் கொடுத்து வழக்குத் தீர்ந்தது. பின்னர் இலண்டன் சென்று மருத்துவம் பயின்று திரும்பி, சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பல்லாண்டு மருத்துவராய்ப் பணியாற்றினார். மணத்தால் நின்ற படிப்பை மீட்டுக்கொள்ள அவருக்கு ஒரு வழக்கும், நாடு முழுவதும் எழுந்த வசைமாரியும், கடல் கடந்த பயணமும் வேண்டியிருந்தன. தாயின் இரண்டாம் கணவர் மருத்துவராய் இருந்து துணைநின்றதும் ஒரு காரணம். வழக்காட வசதியில்லாத வீட்டில் அதே வயதில் மணமான பெண்ணின் படிப்பு, யாரும் அறியாமல் ஒரு மாலைப்பொழுதில் முடிந்துபோயிருக்கும்.

கட்டாயக் கல்வியைச் சட்டமாக்க முயன்றவர் கோகலே. 1911இல் அவர் கொணர்ந்த மசோதா மிக அடக்கமானது: 6 முதல் 10 வயதுவரை, அதுவும் முதற்கண் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும், அதுவும் ஸ்தல ஸ்தாபனங்கள் விரும்பினால். அதற்கே 1912 மார்ச்சில் 13 பேர் ஆதரவாகவும் 38 பேர் எதிராகவும் வாக்களித்தனர். பின்னர் மாகாணங்கள் தனித்தனியே சட்டம் இயற்றத் தொடங்கின. பம்பாயில் விட்டல்பாய் பட்டேலின் முயற்சியால் 1918இலும், சென்னையில் 1920இலும் சட்டங்கள் வந்தன. இவை இருபாலார்க்கும் பொதுவானவை. ஆயின் பஞ்சாப், வங்காளம், பீகார்-ஒரிசா ஆகிய மாகாணங்களில் 1919இல் இயற்றிய சட்டங்கள் ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே உரியவை. வங்காளம் 1932இல்தான் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. பெண் பிள்ளை நிற்பதற்குச் சட்டமே இடங்கொடுத்த காலம் அது. இதை நம்மவர் பலர் அறிந்திலர்.

1927 மார்ச் மாதம் பம்பாய்ச் சட்டசபையில் கல்வி மானியத்தின்மீது அம்பேத்கர் பேசினார். ஆரம்பப் பள்ளியிற் சேரும் 100 பிள்ளைகளுள் 18 பேரே நான்காம் வகுப்பை எட்டுகின்றனர். எஞ்சிய 82 பேர் எழுத்தறியாமைக்கே திரும்புகின்றனர் என்று அவர் எடுத்துக்காட்டினார். அந்த வேகத்தில் போனால் சிறுவர் அனைவரையும் பள்ளிக்குக் கொணர 40 ஆண்டும், சிறுமியர் அனைவரையும் கொணர 300 ஆண்டும் ஆகும் என்று அவர் கணக்கிட்டார். 40, 300 என்னும் இவ்விரண்டு எண்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் போதும். நெடிய விளக்கம் வேண்டியதில்லை.

இரண்டாண்டு கழித்து 1929இல் வெளிவந்ததுதான் ஹார்ட்டாக் குழுவின் அறிக்கை. சைமன் கமிஷனுக்குத் துணைக் குழுவாக அமைந்த இதன் தலைவர் சர் பிலிப் ஹார்ட்டாக். டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராய் இருந்தவர். ‘விரயம்’, ‘தேக்கம்’ என்னும் இரு சொற்களையும் நம் கல்வித் துறையில் நிலைநாட்டியது இக்குழுவே. படிப்பை முடியாமல் விடுவது விரயம். ஒரே வகுப்பில் ஓராண்டுக்குமேல் கிடப்பது தேக்கம். 1922-23இல் முதல் வகுப்பிலிருந்த சிறுவருள் ஐந்தில் ஒரு பங்கினர்கூட 1925-26இல் நான்காம் வகுப்பில் இல்லை என்று குழு கண்டது. சிறுமியர் நிலை இன்னும் மோசம் என்றும் குறித்தது. நோயைக் கண்டது சரியே. மருந்துதான் விபரீதமாய் அமைந்தது. பள்ளிகளைப் பெருக்காதீர்கள், இருப்பவற்றைத் திருத்துங்கள் என்பது குழுவின் பொதுவான போக்கு. செலவைக் குறைக்க வழி தேடிய அரசாங்கங்களுக்கு அது நல்ல சாக்காயிற்று. விரயம் என்று பெயரிட்டால் சிக்கனம்தானே மருந்தாக முடியும்!

தமிழ் நேயர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்று இக்குழுவைப் பற்றி உண்டு. அதன் உறுப்பினருள் ஒரே பெண்மணி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய வரலாறே இப்பொருளுக்கு உரையாக அமைகின்றது. 1886இல் புதுக்கோட்டையிற் பிறந்த அவர், பருவமெய்தியதும் பள்ளியினின்று நிறுத்தப்பட்டார். ‘நின்றார்’ என்று யாம் எழுதவில்லை என்பதைக் கவனிக்க. கல்லூரி ஆசிரியரான தந்தையார் வீட்டிலேயே பாடஞ் சொல்லிக்கொடுத்தார். தனித் தேர்வராகவே அவர் மெட்ரிக்குலேஷன் தேறினார். 1904இல் ஆண்கள் மட்டுமே பயின்ற புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியிற் சேர முற்பட்டபோது, ஒரு பெண் வந்தால் பையன்கள் கெட்டுப்போவர் என்ற கூச்சல் எழுந்தது. அரசர் குறுக்கிட்டு அனுமதித்தார். 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர்ச் சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவருமானார். பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து படித்து வந்த அம்மையார், பள்ளியை விட்ட பிள்ளைகளைக் கணக்கிடும் குழுவில் அமர்ந்திருந்தார் என்பது வரலாற்றில் அபூர்வமான பொருத்தம்.

சுதந்திரத்துக்குப்பின் அரசியலமைப்பின் 45ஆம் விதி, பத்தாண்டுக்குள் 14 வயதுவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க அரசு முயலவேண்டும் என்றது. 1951 குடிக்கணக்கின்படி எழுத்தறிந்த ஆண்கள் 100க்கு 27 பேர். பெண்கள் 100க்கு 9 பேருக்கும் குறைவு. பத்தாண்டு கழிந்தது. 1960-61ஆம் ஆண்டின் புள்ளிகளைப் பார்க்கும்போது, ஐந்தாம் வகுப்பு முடியுமுன் 100 சிறுவருள் 62 பேரும், சிறுமியருள் 71 பேரும் நின்றுவிட்டனர். எட்டாம் வகுப்புவரை பார்த்தால் சிறுவர் 75, சிறுமியர் 85. நாடு விடுதலை பெற்றபோது பிறந்த பிள்ளைகளின் கதை இது.

சிறுமியர் ஏன் கூடுதலாக நின்றனர்? ஐந்தாம் வகுப்பு உள்ளூரில் இருந்தது. ஆறாம் வகுப்பு இரண்டு மூன்று மைல் தொலைவில் இருந்தது. அந்த மூன்று மைலைப் பையன் நடக்கலாம், பெண் நடக்கலாகாது. பள்ளியில் ஆசிரியை இல்லை, ஒதுக்கிடம் இல்லை. வீட்டிலோ தாய் வயல்வேலைக்குப் போனால் கைக்குழந்தையைப் பார்க்க மூத்த பெண் வேண்டும். தண்ணீர் கொணர, சுள்ளி பொறுக்க, மாட்டைப் பார்க்க அவளே வேண்டும். இவற்றோடு, கூடப் படித்த பெண்ணுக்கு அதனினும் கூடப் படித்த மாப்பிள்ளை தேடவேண்டும், சீர் அதிகமாகும் என்ற கணக்கும் சேர்ந்துகொண்டது. நிலமற்ற, ஒதுக்கப்பட்ட சாதியிலும், காட்டுப் புறத்துப் பழங்குடியிலும் பிறந்த பெண்ணுக்கு இவை அனைத்தும் ஒன்றன்மேல் ஒன்றாய் வந்து விழுந்தன. தந்தையின் அறியாமையே காரணம் என்று நகரத்தார் எளிதிற் சொல்லிவிடுவர். அறியாமை அன்று, அவன் கணக்குப் போட்டே செய்தான். அக்கணக்கை மாற்றும் பொருள் எதையும் நாம் அவனுக்குக் கொடுக்கவில்லை.

இதனை அந்நாளிலேயே உணர்ந்தவர் துர்க்காபாய் தேஷ்முக். எட்டாம் வயதில் மணமாகி, பன்னிரண்டாம் வயதில் ஆங்கிலவழிக் கல்வியை எதிர்த்துப் பள்ளியைத் துறந்து, பின்னர்த் தனித் தேர்வராய் மெட்ரிக்குலேஷன் தேறி, சென்னையில் சட்டம் பயின்று, அரசியல் நிர்ணய சபையிலும் அமர்ந்தவர் அவர். இடையில் நின்ற பெண் மீண்டும் படிக்க இயலும் என்பதைத் தம் வாழ்வாலேயே அறிந்திருந்த அவர், மத்திய சமூக நல வாரியத்தின் தலைவராய் இருந்தபோது, வயதுவந்த பெண்களுக்கான சுருக்கக் கல்வி வகுப்புகளை 1958இல் தொடங்கினார். அதே ஆண்டு பெண்கல்விக்கான தேசியக் குழுவுக்கும் தலைமை ஏற்றார். 1963இல் நம் பக்தவத்சலம் அவர்கள் தலைமையில் மற்றொரு குழு, கிராமங்களில் பெண்கல்விக்குப் பொதுமக்கள் ஆதரவு ஏன் இல்லை என்று ஆராய்ந்தது. ஆசிரியைகளை நியமியுங்கள், அவர்களுக்குக் குடியிருப்பு அளியுங்கள் என்பன அது கூறிய வழிகளுட் சில. ரமாபாய் 1882இல் கேட்டதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

இவ்விடத்தில் இந்தி நூல் ஒன்றைப் பற்றிச் சொல்ல விரும்புகின்றோம். ஓம்பிரகாஷ் வால்மீகி 1997இல் வெளியிட்ட ‘ஜூட்டன்’ என்னும் தன்வரலாறு அது. உத்தரப் பிரதேசம் முசாபர்நகர் மாவட்டத்துப் பர்லா கிராமத்தில், தோட்டிச் சாதி என ஒதுக்கப்பட்ட குடும்பத்தில் 1950இல் பிறந்தவர் அவர். பள்ளியிற் சேர்ந்த சிறுவனைத் தலைமையாசிரியர் பாடம் படிக்க விடாமல் பள்ளி முழுவதையும் பெருக்கச் சொல்லுகின்றார். ஒரு நாளன்று, பல நாள். தற்செயலாய் அவ்வழி வந்த தந்தை, மகன் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடுங்கி எறிந்து, ஆசிரியரோடு வாதாடிப் பிள்ளையின் இடத்தை மீட்கின்றார். அந்தத் தந்தை அன்று அவ்வழி வாராதிருந்தால், பள்ளிப் பதிவேட்டில் இன்னொரு ‘விரயம்’ ஏறியிருக்கும்.

எம்மை அதைவிட மிகுதியும் நிறுத்திய இடம் வேறு. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் ஆறாம் வகுப்பிற் சேர்க்க வீட்டில் பணம் இல்லை, படிப்பு நின்றுபோயிற்று. அப்போது அவருடைய அண்ணி, தம் வெள்ளிக் கொலுசைக் கழற்றி மாமியார் கையில் கொடுத்து, இதை விற்றுப் பிள்ளையைச் சேருங்கள் என்கின்றார். கொலுசு போயிற்று, பிள்ளை பள்ளிக்குப் போனான். நின்ற படிப்பு ஒன்று தொடர்ந்தமைக்குப் பின்னே பெண்ணொருத்தியின் வெறுங்கால் நிற்கின்றது. நம் குடும்பங்களிலும் அண்ணன் கல்லூரிக் கட்டணத்துக்குத் தங்கையின் வளையல் போன கதைகள் இல்லாமல் இல்லை. தங்கையின் படிப்புக்கு அண்ணனின் மோதிரம் போன கதை அவ்வளவாகக் காதில் விழுவதில்லை.

அண்மைக் காலத்து நடவடிக்கைகளை விரைந்து கடப்போம். நம் தமிழ்நாட்டில் 1956இல் காமராசர் காலத்தில் பரவி, 1982இல் பேருருக்கொண்ட மதிய உணவுத் திட்டம், 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையால் நாடு முழுவதுக்கும் சமைத்த உணவாய்ச் சென்றது. 1975இல் தொடங்கிய அங்கன்வாடிகள் தம்பியைச் சுமந்த அக்காளின் இடுப்புக்கு ஓய்வளிக்க வல்லவை. திறந்திருக்கும் நேரத்தைப் பொறுத்து. 1987இல் வந்த ‘கரும்பலகைத் திட்டம்’ ஒவ்வோர் ஆரம்பப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு ஆசிரியர் வேண்டும், அவருள் ஒருவர் பெண்ணாதல் வேண்டும் என்றது. 2004இல் கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயங்கள் என்னும் உறைவிடப் பள்ளிகள் ஒதுக்கப்பட்ட வகுப்புச் சிறுமியர்க்கென எழுந்தன. பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்புச் சிறுமியர்க்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். அதனை ஆராய்ந்த பொருளியலாளர்கள், உயர்நிலைப் பள்ளியிற் சேரும் சிறுமியர் தொகை 32 விழுக்காடு உயர்ந்ததையும், சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் இடையிலிருந்த வேறுபாடு 40 விழுக்காடு குறைந்ததையும் கண்டனர். பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த ஊர்களில் பயன் மிகுதி. மூன்று மைல் நடக்கலாகாத பெண் மூன்று மைல் மிதித்துப் போனாள். தந்தையின் கணக்கு மாறிற்று. அவன் அறியாமை ஓராண்டில் மறைந்துபோனதாக யாரும் சொல்லார்.

பெற்றோர் அக்கறையில்லாதவர் என்ற பழியை வலுவாய் மறுத்தது 1999இல் வெளிவந்த அடிப்படைக் கல்வி பற்றிய பொது அறிக்கை. வட மாநிலங்களில் ஊர் ஊராய்ச் சென்று விசாரித்த அந்த ஆய்வில், ஆண்பிள்ளை படிக்க வேண்டும் என்றோர் 100க்கு 98 பேர். பெண்பிள்ளை படிக்க வேண்டும் என்றோரும் 89 பேர். ஆனால் ஆய்வாளர் சென்ற வேளையில் ஏறத்தாழப் பாதிப் பள்ளிகளில் பாடமே நடக்கவில்லை! அடுத்த ஆண்டின், அதாவது 2000-01இன், அரசாங்கப் புள்ளிகளின்படி பத்தாம் வகுப்பு முடியுமுன் நின்ற சிறுவர் 100க்கு 66 பேர், சிறுமியர் 72 பேர். பழங்குடிப் பிள்ளைகளிடையே அத்தொகை ஏறத்தாழ 80.

அதன்பின் நிலைமை பெரிதும் மாறியிருக்கின்றது. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. உயர்நிலை வகுப்புகளில் சிறுமியர் நிற்பது சிறுவர் நிற்பதைவிட மிகுதி என்று இப்போது பொதுவாய்க் கூற இயலாது. 2021-22ஆம் ஆண்டுக் கணக்கில் சிறுவர் தொகையே சற்றுக் கூடுதல். ஆகவே வேற்றுமை தீர்ந்தது என்று களிப்போரும் உளர். 2019-21இல் எடுத்த குடும்ப நல ஆய்வு காரணங்களையும் கேட்டது. ‘படிப்பில் விருப்பமில்லை’ என்பதே இருபாலார்க்கும் முன்னிற்கும் விடைகளுள் ஒன்று; சிறுவரிடையே அது மிகுதி. ‘வீட்டு வேலை’, ‘திருமணம்’ என்னும் விடைகள் சிறுமியர்க்கு மிகுதியாய் வந்தன. இதிலும் கவனிக்கத்தக்கது, விடை கூறியவர் வீட்டுப் பெரியவர்; பிள்ளையன்று. விருப்பமில்லை என்ற விடைக்குள் எத்தனை துடைப்பங்களும், எத்தனை தனிச் சாக்குகளும் மறைந்திருக்கின்றனவோ!

இனி, மாநிலம் விட்டு மாநிலம் வந்து வாழும் நமக்கு நேரே பொருந்தும் இரண்டைச் சொல்லுவோம். தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் நம் அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் துலக்கவும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் சிறுமியர் வந்தது நெடுங்கால வழக்கம். ஜார்க்கண்டிலோ வங்காளத்திலோ ஒரு பள்ளிப் பதிவேட்டில் ‘இடைநின்றாள்’ என்று எழுதப்பட்டவள், நம் வீட்டுக் கூடத்தில் நம் பிள்ளையின் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அவளை நிறுத்தியவர் பட்டியலில் நாமும் உண்டு. 14 வயதுக்குட்பட்டோரை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் 10 முதல் தடைசெய்யப்பட்டது. 2016இல் சட்டம் இன்னும் இறுகி, அவ்வயதினரை எவ்வேலையிலும் அமர்த்தலாகாது என்றாயிற்று. பள்ளி விட்டபின் குடும்பத்தார்க்குத் துணைசெய்வது போன்ற சிலவே விலக்கு. “எங்கள் வீட்டில் மகளைப்போல வைத்திருக்கின்றோம்” என்னும் பேச்சு இன்னும் ஒழியவில்லை. மகளாயின் காலை எட்டு மணிக்கு எங்கே இருப்பாள்?

மற்றொன்று, நம்மவரிலேயே கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் குடும்பத்தோடு வந்தோர் பற்றியது. தமிழ்வழியில் நான்காவது படித்த சிறுமி கன்னடப் பள்ளிக்கோ மராத்திப் பள்ளிக்கோ போனால், மொழி தெரியவில்லை என்று கீழ் வகுப்பிற் போடுவார்கள். பத்து வயதுப் பெண் ஆறு வயதுக் குழந்தைகளோடு உட்கார வெட்கப்படுவாள். சில வாரத்தில் தாய் அவளைத் தம்பியோடு கொட்டகையில் விட்டுப்போகத் தொடங்குவாள். ஹார்ட்டாக் குழு ‘தேக்கம்’ என்றது இதையே. 2019இல் சட்டம் திருத்தப்பெற்று, ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேறாதவரை மீண்டும் அதே வகுப்பில் இருத்த அரசுகளுக்கு இடங்கிடைத்தது. மத்திய அரசு தன் பள்ளிகளுக்கு 2024 டிசம்பரில் அவ்வாறே விதி செய்தது. இத்தகைய பிள்ளைகளைப் பொறுத்தமட்டில் இது நல்லதற்கில்லை என்பது எம் கருத்து. தேறாத பையனுக்கு இன்னோர் ஆண்டு கிடைக்கும், தேறாத பெண்ணுக்கு வீட்டில் விடை ஆயத்தமாயிருக்கும்.

ஆயினும் கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, 6 வயதுக்குமேல் 14 வயதுவரை உள்ள எப்பிள்ளையையும் அதன் வயதுக்கேற்ற வகுப்பிலேயே சேர்த்து, குறையை நிரப்பத் தனிப் பயிற்சி தரவேண்டும் என்கின்றது. 5ஆம் பிரிவு, மாநிலத்துக்குள்ளும் மாநிலம் விட்டு மாநிலத்துக்கும் பள்ளி மாறும் உரிமையைத் தருகின்றது. பழைய பள்ளியின் தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே கொடுத்தாக வேண்டும். அது வந்துசேரவில்லை என்பதைக் காரணங்காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையைத் தாமதப்படுத்தவோ மறுக்கவோ இயலாது. பள்ளி எழுத்தர் சான்றிதழ் எங்கே என்று கேட்டுத் திருப்பியனுப்பும்போது, மொழி தெரியாத கொத்தனாரோ சித்தாளோ இந்த 5ஆம் பிரிவைச் சொல்லமாட்டார். உடன் செல்லும் மொழி தெரிந்த அண்டை வீட்டுத் தமிழர் சொல்லலாம்.